நான்காவது புகைக்குழாய்

ஆறாம் வகுப்பில் என்னோடு படித்தவர்களிடம் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வருடம் மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில்களை உங்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கிப் போனேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னேன். ஒருத்தியிடம் தோரணம் செய்ய என்றேன். இன்னொருத்தியிடம் அறிவியல் டீச்சர் கேட்டார் என்றேன். இரண்டும் பொய். உங்கள் ரீஃபில்களின் பித்தளை முனைகள் ஒரு போர்க்கப்பலுக்குப் பீரங்கிகள் ஆயின. மொத்தம் பத்துப் பீரங்கிகள். அதில் பத்தாவதைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதவைத்தது என் மகளின் பள்ளி டைரி. அவள் ஒன்றாம் வகுப்பு. போன மாதம் அவளுடைய மிஸ் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்: விரல் பிடிமானம் போதவில்லை, வீட்டில் பயிற்சி கொடுக்கவும். ஒரே வரிதான். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. போனைக் கையில் கொடுத்துப் பழக்கியதாலோ, சோற்றை நானே ஊட்டிவிடுவதாலோ, மற்றக் குழந்தைகள் மண்ணில் விளையாடும்போது சளி பிடிக்கும் என்று இவளை உள்ளே அழைத்துக்கொண்டதாலோ என்று மூன்று நாள் யோசித்தேன். "ஒரு வரிக்கு இவ்ளோ டென்ஷனா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரியாது. பிடிமானம் போதவில்லை என்ற சொற்களை என் வாழ்க்கையில் நான் கேட்பது அது இரண்டாவது முறை.

முதல் முறை கேட்டது நைனாவின், அதாவது என் அப்பாவின், கையைப் பற்றி.

நைனா வளைகுடாவில், கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வெல்டராக இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வருவார். மற்றபடி எனக்கு நைனா என்றால் வெள்ளிக்கிழமை போனில் வரும் ஒரு குரல். "பாப்பா, சாப்டியா, படிக்கிறியா" என்று கேட்டுவிட்டு, நான் பதில் யோசிப்பதற்குள் அம்மாவைக் கூப்பிடச் சொல்லும் குரல். எங்கள் செஞ்சியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ராஜகிரி மாதிரிப் பாறை மலைதான். கடல் பார்க்கப் புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டும். அதனால் நைனா கப்பலில் வேலை பார்க்கிறார் என்று நான் சொன்னபோது உங்களில் ஒருத்தி, "உங்க நைனா கப்பல ராஜகிரி மேலயா ஏத்துறாரு?" என்று கேட்டாள். யார் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வருடம் ஆடி மாதம் நைனா இத்தனை நாள் லீவு என்ற கணக்கில்லாமல் திரும்பி வந்தார். வலது கை மணிக்கட்டுவரை கட்டு. ஓர் இரும்புத் தகடு கையின்மேல் சரிந்துவிட்டது. அங்கேயே ஆபரேஷன் செய்து அனுப்பியிருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட முடியாமல் நின்றன. ஆறு மாதம் விரல்களுக்கு நுணுக்கமான வேலை கொடுக்க வேண்டும் என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். பொங்கல் கழிந்து சென்னையில் கம்பெனி ஆட்கள் கையைப் பரிசோதிப்பார்கள். கை சரியாக இருந்தால் திரும்ப வேலை.

ஆக வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இதுதான்: கை சரியானால் நைனா போய்விடுவார். கை சரியாக வேண்டும் என்று அம்மா அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நானும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். நான் என்ன வேண்டினேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

கப்பல் எப்படி ஆரம்பித்தது என்றால், நைனாவின் பெட்டியடியில் ஒரு வரைபடம் இருந்தது. தளத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் கப்பலின் இன்ஜினியர் ஓய்வு நேரத்தில் சின்னக் கப்பல்கள் செய்பவராம். அவர் கொடுத்த நகல். பக்கவாட்டுத் தோற்றம், மேல்தோற்றம், கேக் துண்டு போல வரிசையாக வெட்டிக் காட்டிய குறுக்குத் தோற்றங்கள். அதை நைனா கட்டில்மேல் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தார்.

"இது இன்னா கப்பல் நைனா?"

"எம்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எம்டன் என்றால் பக்கத்து வீட்டுப் பெரியப்பா தன் மண்டிக்கு வரும் தந்திரக்கார வியாபாரிகளைச் சொல்லும் வார்த்தை. "அவன் சரியான எம்டன்" என்பார். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் என்றும், முதல் உலகப் போரில் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போனது என்றும், அதன் பயத்தில்தான் அந்த வார்த்தையே நம் வாயில் ஒட்டிக்கொண்டது என்றும் நைனா சொன்னார். பிறகு வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "இத்த செஞ்சி முடிச்சா விரலு தானா வந்துடும். ஓடவிட்டுப் பாத்துட்டு நான் கெளம்பிடலாம்" என்றார்.

கப்பல் முடிந்தால் நைனா கிளம்புவார். நான் அதை அப்படியே, ஒரு வார்த்தை மாறாமல் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பதினொரு வயது.

உண்மைக் கப்பலில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. நீளம் எழுபத்தொன்பது சென்டிமீட்டர். என் அடிஸ்கேல் இரண்டரையைவிடக் கொஞ்சம் கூட. அகலம் ஒன்பதுதான். ஓணான் மாதிரி ஒல்லி. மரத்தில் செய்யலாமே என்று அம்மா கேட்டாள். நைனாவுக்கு மனசு வரவில்லை. பெரியப்பாவின் மண்டிக்குப் பக்கத்துச் செக்கிலிருந்து காலி எண்ணெய் டின்கள் வந்தன. வெட்டி, நிமிர்த்தி, கம்பி விலா எலும்புகளின் மேல் வளைத்து, ஈயத்தால் பற்றவைத்தோம். சூட்டுக்கோலை நைனா இடது கையில் பிடிப்பார். தகடு நகராமல் நான் இரண்டு கைகளாலும் பிடிப்பேன். மூன்று கைகளால் கட்டிய கப்பல் அது. வலது கைக்கு உப்புத்தாள் தேய்க்கும் வேலை மட்டும்.

தகரம் சூடானதும் அதில் ஊறியிருந்த எண்ணெய் வாசனை எழும். வறுத்த மல்லாட்டை வாசனை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பள்ளி விட்டு வரும்போது தெருமுனையிலேயே அந்த வாசனை வந்தால் நைனா வீட்டில் இருக்கிறார் என்று தெரியும். இப்போதும் யார் வீட்டிலாவது கடலை வறுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஈயம்தான்.

பெரியப்பா தினம் ஒருமுறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். நைனாவை வெளிநாடு அனுப்ப அலைந்து ஏற்பாடு செய்தவர் அவர்தான். அந்த உரிமை அவர் குரலில் இருக்கும்.

"வெல்டருன்னு சொல்லி அனுப்பிவெச்சேன். நீ இன்னாடான்னா வந்து பொம்மை செஞ்சிகினு ஒக்காந்திருக்கிற."

"டாக்டரு சொல்லியிருக்காருண்ணே. வெரலுக்கு வேலை குடுக்கணுமாம்."

"வெரலுக்கு வேலைன்னா மண்டிக்கு வா. மல்லாட்டை உரி."

"அது கப்பலா ஆவாதேண்ணே."

பெரியப்பா என்னைப் பார்ப்பார். "நீ படிக்கிறியா, இல்ல நீயும் மாலுமியா?" நான் உடனே நோட்டைத் திறப்பேன். இன்றைக்கும் யாராவது அப்படிக் கேட்டால் என் கை நோட்டைத் தேடும்.

புரட்டாசியில் உடலும் மேல்கட்டுமானமும் முடிந்தன. பெரியப்பா வீட்டு மாட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டோம். கை எடுத்ததும் கப்பல் ஒரு நொடி நின்றது. பிறகு மரியாதையாகப் பக்கவாட்டில் சாய்ந்து, அப்படியே புரண்டு, வயிற்றைக் காட்டியது.

"எம்டன் மாட்டுத் தொட்டியில முழுகிடிச்சிடா" என்று பெரியப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மாடு முகர்ந்து பார்த்தது.

தப்பு நைனாவுடையது. பதினைந்து வருடம் கப்பலின் ஓட்டைகளை அடைத்தவர், ஒரு கப்பலையும் முதலிலிருந்து கட்டியதில்லை. ஒட்டுப்போடுகிறவர் போல எல்லாவற்றையும் கெட்டியாகச் செய்துவிட்டார். மேலே இருந்த அறைகள், புகைக்குழாய்கள், கேப்டன் நிற்கும் மேடை எல்லாமே தகரம். அடியைவிடத் தலை கனத்துவிட்டது. நைனா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மேல்பாகம் முழுக்கத் திரும்பச் செய்ய ஒரு மாதமாவது ஆகும்.

இந்தத் தடவை அம்மா யோசனை சொன்னாள். பரண்மேல் பழைய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு இருந்தன. கெட்டி அட்டை, மூலையில் மஞ்சள். அதை வெட்டி ஒட்டி, வார்னிஷ் அடித்து, கம்பி கேட்டுக்கு அடிக்கும் சாம்பல் பெயின்ட்டை நைனா பூசினார். எம்டனின் மூன்று புகைக்குழாய்களும் கல்யாணப் பத்திரிகைகள்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் 'தங்கள் நல்வரவை' என்று தலைகீழாகத் தெரியும்.

மோட்டாருக்கும் ரிமோட்டுக்கும் என்ன செய்வது என்பதையும் அம்மாதான் முடித்தாள். இரண்டு வருடம் முன்பு நைனா எனக்கு வாங்கி வந்த சிவப்பு ரிமோட் கார், ஷோகேஸ் கண்ணாடிக்குள் அட்டைப்பெட்டியோடு இருந்தது. கெட்டுப்போகும் என்று என்னைத் தொடவே விட்டதில்லை. ஒரு நாள் அம்மா சாவி எடுத்துத் திறந்து, காரை நைனாவின் மடியில் வைத்தாள். "பிரிச்சிக்கோங்க" என்றாள். நைனா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. அழாத குழந்தை என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே என் பாதி வயது போயிருக்கிறது.

கடைவீதியில் ரேடியோ கடை வைத்திருந்த பாய் காரைப் பிரித்தார். "இது ரோட்ல போறதுக்குச் செஞ்சது. தண்ணியில போவணும்னு இதுக்கு யாரும் சொல்லல. நாம சொல்லுவோம்" என்றார். கார் மோட்டாரின் முனையில் சைக்கிள் ஸ்போக்ஸ். ஸ்போக்ஸ் வெளியே போகும் வழியில் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, கிரீஸ் அடைத்த பேனாக் குழல். நுனியில் டின்னில் வெட்டிய விசிறி. உண்மைக் கப்பலுக்கு இரண்டு விசிறி, எங்களுடையதற்கு ஒன்று. காரின் சக்கரத்தைத் திருப்பிய கம்பி, கப்பலின் சுக்கானைத் திருப்பியது. எமர்ஜென்சி லைட்டின் பேட்டரி அடியில் உட்கார்ந்தது. அந்தக் கனத்தில் கப்பல் நிமிர்ந்து நின்றது.

"ரிமோட்டு சொல்றது கப்பலுக்குக் கேக்கணும்" என்றார் பாய். "கொடிமரம் ரெண்டு இருக்குதில்ல, நடுவுல செம்புக் கம்பி கட்டுங்க. அதுதான் காது. முடிச்சு லூசா இருந்தா செவுடாயிடும்."

முடிச்சுப் போடும் வேலை எனக்கு வந்தது. மயிரிழைக் கம்பி. "பாப்பா, நீயே போடு. நைனாவுக்கு வெரலு மடங்கல" என்றார் நைனா. போட்டேன்.

நான்காவது புகைக்குழாய்க்கு வருகிறேன். எம்டனுக்கு மூன்று குழாய்கள்தான். எதிரிகளிடம் நான்கு குழாய்க் கப்பல்கள் இருந்தன. அதனால் எம்டனின் தலைவர் கித்தானில் ஒரு பொய்க் குழாய் செய்து நிறுத்தி, தூரத்திலிருந்து பார்ப்பவர்களை ஏமாற்றினாராம். நைனா இதைச் சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டுப் போய், கிழிந்த குடை ஒன்றை எடுத்து வந்து, கறுப்புத் துணியில் ஒரு சாண் வெட்டினாள். ஊராருக்கு ஜாக்கெட் தைக்கும் மிஷினில் ஒரே ஓட்டு. துடைப்பக் குச்சி இரண்டு உள்ளே வைத்துத் தைத்த துணிக்குழாய். தேவையென்றால் நிறுத்தலாம், வேண்டாமென்றால் கழற்றலாம்.

"உங்க அம்மா பொய் சொல்றதுக்குன்னா எவ்ளோ சீக்கிரமா தைக்கிறா பாரு" என்றார் நைனா.

"உண்மைக்குத் தைச்ச ஜாக்கெட்டுக்கெல்லாம் கை டைட்டுன்னுதான சொல்றாங்க" என்றாள் அம்மா.

இருவரும் அப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதத்தில் அதைப் பார்க்க வாய்ப்பிருந்ததில்லை.

கார்த்திகை முடியும்போது பீரங்கிகள் மட்டும் பாக்கி. பித்தளை முனைகளை வெட்டி, குண்டூசி அச்சில் நிறுத்தினோம். ஒன்பது ஒட்டியாயிற்று. பத்தாவது மேஜையில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில், கோணமானிக்கு அடியில் வைத்தேன். இது திருட்டா என்று யோசித்தது நினைவிருக்கிறது. வீட்டை விட்டு வெளியே போகவில்லை, அதனால் திருட்டு இல்லை என்று முடிவு செய்தேன்.

நைனா மேஜைக்கு அடியில், கோரைப்பாய்க்கு அடியில், உப்புத்தாள் உறைக்குள் எல்லாம் தேடினார். "பத்தாவது பீரங்கி எங்க போச்சின்னு தெரியலியே" என்று அம்மாவிடம் சொன்னார். "கெடைக்கட்டும். அதுக்குள்ள இன்னா அவசரம்."

அந்த மேஜைமேல் உங்கள் ரீஃபில்கள் ஒரு பவுடர் டப்பா நிறைய இருந்தன. அரைமணி நேரத்தில் இன்னொன்று செய்திருக்கலாம். இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதே வாரம் ஒரு சனிக்கிழமை மதியம் தூங்கி எழுந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. நைனா கப்பலுக்கு முன்னால் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் போட்ட முடிச்சை அவிழ்த்து, செம்புக் கம்பியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். வலது கையால். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கம்பியைப் பிடித்து, சுற்றி, உள்ளே விட்டு, இழுத்தன. ஒரே தடவையில். நான் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் இன்னொரு முடிச்சுக்கு, "பாப்பா, வா. வெரலு மடங்கல" என்று கூப்பிட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. என் முடிச்சு லூசு, அதைச் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நைனா மறைக்கிறார் என்று நினைத்தேன். குழந்தைகள் எதையும் தங்களைச் சுற்றியே அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். தாயான பிறகும் அந்தப் பழக்கம் போகாது என்பதற்கு என் மகளின் டைரியை நான் படித்த விதமே சாட்சி.

அரையாண்டு விடுமுறையில், ஒன்பது பீரங்கிகளோடு, செட்டிக்குளத்துக்குப் போனோம். ராஜகிரி அடிவாரத்தில் குளம் ததும்பி நின்றது. கப்பலைப் பழைய புடவையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மா புளிசோற்றுத் தூக்கோடு வந்தாள். காவலாளி எங்களை நிறுத்தினார்.

"இன்னா அது புடவைக்குள்ள?"

"கப்பல்."

"கப்பலா? இங்க குளிக்கக் கூடாது, துணி தொவைக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குது."

"கப்பல் விடக் கூடாதுன்னு இருக்குதா?"

அவர் போர்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களோடு படிக்கட்டுக்கு வந்தார்.

நைனா படியில் குனிந்து கப்பலைத் தண்ணீரில் வைத்தார். வரைபடத்தில் இருந்தபடியே மூக்கைத் தண்ணீருக்கடியில் நீட்டிக்கொண்டு, நான்கு குழாய்களோடு அது நிமிர்ந்து நின்றது. ரிமோட்டை அழுத்தினார். பின்னால் தண்ணீர் பொங்கியது. எம்டன் நகர்ந்தது. இடது, வலது, ஒரு வட்டம். பாறை மலையின் நிழலுக்குள் போய் வெயிலுக்கு வந்தது. நான் கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டேன். சந்தோஷம்தான். ஓடிவிட்டதே என்ற பயமும்.

"நீ ஒரு தபா ஓட்டு" என்று நைனா ரிமோட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கப்பல் நேராகப் போனது. மேலும் நேராகப் போனது.

"திருப்பு, திருப்பு."

"எத்த திருப்பறது?"

"கைய எடு."

"எடுத்துட்டேங்க. அது போவுதே."

குளத்தின் நடுவில் எம்டன் ஒரு கணம் சுற்றி, நின்றுவிட்டது. எதை அழுத்தினாலும் அசையவில்லை. காது கேட்காத தூரம். என் முடிச்சுதான் அவிழ்ந்துவிட்டது என்று நான் நிச்சயமாக நம்பினேன். நைனா திரும்பக் கட்டியதையே மறந்துவிட்டேன்.

காவலாளி, குளம் ஆழம், யாரும் இறங்கக் கூடாது என்றார். நாங்கள் படியில் உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டோம். அவருக்கும் இலையில் வைத்தாள் அம்மா. "என் டூட்டி முடியறதுக்குள்ள வந்துடுமா இது?" என்று கேட்டார். அப்போது வாடைக்காற்று எழுந்தது. கப்பல் மெல்ல முகம் திரும்பி, காகிதத் துண்டு போல எதிர்க்கரை நோக்கி வந்தது. நாங்கள் குளத்தைச் சுற்றி ஓடினோம். கையில் எடுத்தபோது நான்காவது குழாய் மட்டும் காற்றில் உப்பியிருந்தது.

"பாத்தியா? பொய்க் குழாய்தான் காத்தப் புடிச்சிது" என்றார் நைனா. மற்ற மூன்றிலும்தானே காற்று பட்டிருக்கும் என்று எனக்கு இன்னும் சந்தேகம். சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நான் கேட்டேன். "கப்பல் ஓடிடுச்சே நைனா. கெளம்பிடுவியா?"

"பத்தாவது பீரங்கி இல்லாம முடிஞ்சதா ஆவுமா?" என்றார்.

ஆனால் பொங்கல் கழிந்ததும் சென்னைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. ஒரு நாள் காலை பஸ் ஏறினார், மறுநாள் மாலை வந்தார். பெரியப்பா நாற்காலி போட்டு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா ஆச்சி?"

"ஒரு கருவியைக் குடுத்து அழுத்தச் சொன்னாங்கண்ணே. முள்ளு பாதிக்கு மேல போவல." நைனா வலது கையைப் பார்த்தார். "பிடிமானம் பத்தலையாம். வேணாம்னுட்டாங்க."

பெரியப்பா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஆறு மாசம் பொம்மை செஞ்சதுக்கு ஒழுங்கா மருந்து போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்கும் வருத்தம்தான். அவர் திட்டும்போதுதான் வருத்தம் வெளியே தெரியும்.

அன்று மாலை அம்மா தோசை வார்த்தாள். ஊறுகாய் ஜாடி மூடி இறுகிப்போயிருந்தது. முறுக்கிப் பார்த்துவிட்டு யோசிக்காமல் நைனாவிடம் நீட்டினாள். நைனாவும் யோசிக்காமல் வாங்கி, வலது கையால் ஒரு திருகு திருகித் திறந்து கொடுத்தார். இருவரும் அப்படியே நின்றார்கள். அம்மா ஜாடியை வாங்கிக்கொண்டு உள்ளே போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

நைனாவின் கை சரியாகாமல் போனதற்கு நான்தான் காரணம். பீரங்கியை ஒளித்து வைத்தேன், வேலை நின்றது, விரலுக்குப் பயிற்சி போதவில்லை. இதை நான் அன்று நம்பினேன். இருபது வருடத்துக்கு மேல் நம்பினேன். நைனா திண்டிவனம் ரோட்டில் கிரில் பட்டறை போட்டபோது, கூரையில்லாத ஷெட்டில் வெயிலில் நின்றபோது, எங்கள் வீட்டு மாடி கட்டாமலே நின்றபோது எல்லாம் எனக்குள் ஒரு பித்தளை முனை குத்தும். பட்டறை பிறகு நன்றாகத்தான் நடந்தது. நம் ஊரில் உங்களில் பல பேர் வீட்டுக் கேட்டை அவர்தான் செய்தார். இருந்தாலும்.

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போனேன். நைனா டைரியை வாங்கி, கண்ணாடி போட்டுப் படித்தார். பரணிலிருந்து கப்பலை இறக்கினார். பெயின்ட் உரிந்து, ஒரு பக்கம் துரு. குழாய்கள் நான்கும் நின்றன. என் மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பீரங்கிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்பதில் நின்றாள். எதிர்ப்பக்கம் ஒரு வெறும் துளை இருந்தது.

"தாத்தா, இங்க ஒண்ணு இல்ல."

இனியும் சொல்லாமலிருந்தால் சரியில்லை என்று தோன்றியது. சொல்லலாமா, இந்த வயதில் அவருக்கு எதற்கு என்றும் தோன்றியது. சொன்னேன். நான் ஒளித்து வைத்தது, அதனால் பயிற்சி நின்றது, கை போனது எல்லாம். சொல்லும்போது என் குரல் பதினொரு வயதுக் குரலாகிவிட்டது.

நைனா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜாமெட்ரி பாக்ஸுல, கோணமானி அடியில. அதான?"

"உனக்குத் தெரியுமா?"

"வீட்ல நான் தேடாத எடமா? கெடைச்சது. அங்கயே வெச்சிட்டேன்." அவர் தன் வலது கையை விரித்து மூடினார். "கார்த்திகையிலயே கை வந்துடிச்சி பாப்பா. அந்த முள்ள முழுசா ஏத்தியிருக்கலாம். பாதியில நிறுத்துறதுதான் கஷ்டமா இருந்திச்சி."

முடிச்சு, பவுடர் டப்பா, ஊறுகாய் ஜாடி எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன. அம்மா அன்று அழவில்லை என்பதும்.

அந்த ஜாமெட்ரி பாக்ஸ் பீரோவில் என் பழைய சர்டிபிகேட்டுகளுக்குக் கீழே இருந்தது. திறந்தேன். பித்தளை கறுத்திருந்தது. என் மகள் அதைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தாள். விழுந்தது. மறுபடி பிடித்தாள். விழுந்தது. எடுத்துக் கொடுக்க என் கை போனது. நைனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல அழுத்தமான பிடி. ஆறாவதோ ஏழாவதோ தடவை பீரங்கி துளைக்குள் போய் நின்றது.

"முடிஞ்சிடிச்சி" என்றாள் என் மகள்.

அம்மா காபி டம்ளர்களோடு வந்து கப்பலை மேலும் கீழும் பார்த்தாள். துணிக்குழாயை விரலால் சுண்டினாள். தூசி பறந்தது.

"இத்த மொதல்ல கழட்டிப் போடுங்க. உங்க அண்ணனும் போய்ச் சேந்துட்டாரு. இனிமே யார ஏமாத்தணும்?"

"இருக்கட்டும்" என்றார் நைனா. "அது இல்லன்னா கப்பலு கரைக்கு வந்திருக்காது."